ஏழாம் காட்சியை எடுத்த நாள்

ஜூன் 3

தம்பி மனைவிக்கு,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்கிறேன், எண்ணிக்கொள். ஒன்று, என் தம்பி, அதாவது உன் வீட்டுக்காரன். கேமராவுக்குப் பக்கத்தில் முக்காலி மேல் உட்கார்ந்திருந்தான். இரண்டு, நான். அவனுக்கு இடப்பக்கம் நின்று நீ வரைந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். மூன்று, நம் படத்துக்கு இசை போட்ட ஆர்மோனியக்காரர். சுவரோரம் பிரம்பு நாற்காலியில், மடியில் பெட்டியோடு. நான்கு, மின்சார வேலைக்காரர். இடது பக்க விளக்கு மினுக்கிற்று என்று பல்பை மாற்ற வந்தார், பத்து நிமிஷத்தில் போய்விட்டார். ஐந்து, பக்கத்து வீட்டுப் பூனை. பூனையையும் ஆளாகச் சேர்க்கலாமா என்று கேட்காதே. அதன் முடி ஒன்று தாளில் ஒட்டினால் திரையில் மரக்கிளை மாதிரி தெரியும் என்று நீதானே சொல்வாய். பிடித்துக் குளியலறைக்குள் போட்டு அடைத்தேன். சாயங்காலம் வரைக்கும் கத்திற்று.

நீ இல்லை. ஆஸ்பத்திரியில் இருந்தாய். பெரியவள் பிறந்து இரண்டாம் நாள்.

என் முறைக்கு நானும் ஒன்று கேட்கிறேன். முப்பத்தொரு வருஷம் கழித்து நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் ஒரே ஒரு வரி. ‘ஏழாம் காட்சியை எடுத்த நாளில் அறையில் யார் யார் இருந்தார்கள்?’ சௌக்கியமா என்றுகூட இல்லை. போகட்டும், நீ எப்போதும் அப்படித்தான். ஆனால் அந்த வரியை நாலு தடவை படித்தேன். ‘எடுத்த நாள்’ என்று எழுதியிருக்கிறாய். அந்தக் காட்சியைத்தான் எடுக்கவே இல்லையே? எடுப்பதற்கு முன்பே நான் தாள்களைக் கழுவித் தொலைத்துவிட்டேன், படிப்பில்லாதவள், எது எடுத்தது எது எடுக்காதது என்று பார்க்கத் தெரியாதவள் என்றுதானே உங்கள் வீட்டுச் சுவர்கூடச் சொல்லிற்று? எடுக்காத காட்சிக்கு எடுத்த நாள் எங்கிருந்து முளைத்தது?

பதில் எழுது. போன் போடாதே. மகள் வீட்டில் போன் இருக்கிறது, எனக்குத்தான் காது இல்லை.

உன் நாத்தனார்


ஜூன் 10

அக்காவுக்கு,

சௌக்கியமா? முதலில் கேட்டுவிட்டேன்.

எனக்கு எழுத வராது. வரைந்து காட்டு என்றால் ஒரு நிமிஷம் போதும். முடிந்தவரை எழுதுகிறேன்.

பழைய படங்களைப் பாதுகாத்து வைக்கிற காப்பகம் ஒன்று, நம்முடைய கார்ட்டூன் படமான ‘குடை பிடித்த ஆமை’யைச் சுத்தம் செய்து மறுபடி திரையிடப் போகிறது. அங்கே வேலை செய்கிற பெண் போன மாதம் கூப்பிட்டாள். “அம்மா, டப்பாவுக்குள்ள ஒரு துண்டு ஃபிலிம் தனியா சுருட்டி வச்சிருக்கு. படத்துல எங்கயும் சேரலை. வந்து பாக்குறீங்களா?”

போனேன். என் சுண்டுவிரல் நீளம்தான். முதல் இரண்டு கட்டத்தில் சிலேட்டுப் பலகை. ‘காட்சி 7’ என்று அவர் கையெழுத்து, கீழே தேதி. பெரியவள் பிறந்ததற்கு மறுநாள். மூன்றாவது கட்டம் முழுக் கறுப்பு. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை.

ஃபிலிமில் வெளிச்சம் விழ விழக் கறுக்கும், உங்களுக்குத் தெரியும். இந்த அளவுக்குக் கறுக்க வேண்டுமானால் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான தடவை வெளிச்சம் விழுந்திருக்க வேண்டும். ஃபிலிம் நகரவே இல்லை, அக்கா. ஓரத்துத் துளை கிழிந்து, கேமராவின் பல்லில் மாட்டாமல் நழுவியிருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டு தாளும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஒரே கட்டத்தில் விழுந்திருக்கின்றன. என் எட்டு மாத வேலை, நகத்தளவு இடத்தில். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஆமை உள்ளே எங்கேயோ இருக்கிறது, தெரியவில்லை.

அப்படியென்றால் அவர் எடுத்தார். எடுத்த பிறகுதான் நீங்கள் கழுவினீர்கள். என்னிடம் அவர் சொன்னது வேறு. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, இனி அவரைக் கேட்க முடியாது.

உங்களைத்தான் கேட்க வேண்டும். கூசுகிறது. உங்களுக்கு இது தெரியுமா?


ஜூன் 16

தம்பி மனைவிக்கு,

தெரியும்.

அவன் பலகையை வைத்து இரண்டு தடவை சுவிட்சைத் தட்டினான். ‘டக்’ என்றது, அதன் பின்னாலேயே ஃபிலிம் நகர்கிற ‘சர்’ கேட்டது. பிறகு நான் முதல் தாளைக் கொடுத்தேன். ‘டக்’ மட்டும் வந்தது, ‘சர்’ வரவில்லை. அப்போதெல்லாம் எனக்குப் பாம்புக் காது.

“டேய், சத்தம் வேற மாதிரி இருக்குடா,” என்றேன்.

“நீ தாளைக் குடுக்கா. பேசினா தூசி பறக்கும்.”

ஆர்மோனியக்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். “அக்கா சொல்றது சரிதான் தம்பி. உன் கேமரா சுருதி இறங்கிப் போச்சு,” என்றார்.

“அண்ணே, நீங்க உங்க பெட்டியப் பாருங்க.”

அதோடு சரி. இரண்டு நாள் எடுத்தான். முடிந்ததும் நானூற்றுப் பன்னிரண்டையும் அடுக்கிச் சிவப்பு நூலால் கட்டினான். அவன் கையால் கட்டினான். அந்த ஏற்பாடு நீ செய்ததுதானே. எடுக்க வேண்டியதற்கு வெள்ளை நூல், எடுத்து முடித்ததற்குச் சிவப்பு. “சீட்டு எழுதி ஒட்ட வேண்டாம், அக்காவுக்கு நூல் போதும்” என்று சொன்னாய். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்று நாலு பேர் முன்னால் தெரியாமல் நீ காப்பாற்றியதாக அன்று நினைத்து மனசுக்குள் கும்பிட்டேன்.

நீ வரைகிற அந்தக் கண்ணாடித் தாள் கப்பலில் வர வேண்டும். நம்மிடம் இருந்ததே ஐந்நூறு. எடுத்து முடித்த காட்சியை வெந்நீர்த் தொட்டியில் போட்டு, வண்ணத்தைக் கரைத்து, கீறல் விழாமல் துடைத்துக் கொடுத்தால்தான் நீ அடுத்த காட்சியை வரைய முடியும். சிவப்பு நூலைப் பார்த்தேன், கழுவினேன். என்மேல் என்ன தப்பு?

ஆறாம் நாள் ஃபிலிம் லேபில் கழுவி வந்தது. விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். “அக்கா, அவகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?”

“உள்ளதைச் சொல்லு. திட்டுவா. திட்டட்டும். திட்டினா செத்தா போயிடுவ?”

பத்தாம் நாள் நீ பிள்ளையோடு வந்தாய். நான் வெந்நீர்ப் பாத்திரத்தோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். அவன் உன் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “எடுக்கறதுக்கு முன்னாடியே அக்கா தெரியாம கழுவிட்டா.”

நீ என்னைப் பார்த்தாய். நான் அவனைப் பார்த்தேன். அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. இடுப்பிலேயே வைத்து வளர்த்தேன். இன்றைக்கு இருக்கட்டும், பச்சை உடம்புக்காரி முன்னால் வேண்டாம், நாளைக்கு அவனே சொல்லிவிடுவான் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை.

அவன்மேல் எனக்கு வருத்தம் உண்டு. கோபம் உன்மேல்தான். நீ என்னைத் திட்டவில்லை. “பரவாயில்லக்கா. இனிமே நீங்க தொட்டிப் பக்கம் வர வேண்டாம்” என்று பஞ்சு மாதிரி சொன்னாய். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன், உண்மை அங்கேயே வெளியே விழுந்திருக்கும். படத்தின் தலைப்பில் வண்ணம் என்று போட்டு என் பெயரை எழுதி வைத்திருந்தாய். அதையும் எடுத்தாய். மூன்று மாதம் உங்களுக்குச் சமைத்துப் போட்டுவிட்டு மகள் வீட்டுக்கு வந்தேன். தம்பி போன அன்று வந்து ஓரமாக நின்றேன், உன்னிடம் பேசாமல் திரும்பினேன்.

ஓர் ஈ எத்தனை தடவை சிறகு அடிக்கிறது என்று எண்ணிச் சொல்கிற கண் உனக்கு. அன்று என் முகத்தில் இருந்தது மட்டும் உனக்குத் தெரியாமல் போயிற்றா?


ஜூன் 24

அக்காவுக்கு,

தெரிந்தது.

இதற்கு முன் மூன்று தாள் எழுதிக் கிழித்தேன். பிள்ளை பெற்ற களைப்பு, காய்ச்சல் என்றெல்லாம் எழுதியிருந்தேன். எல்லாம் பொய்.

அவர் போடும் முடிச்சு இரட்டைச் சுற்று, கத்தரிக்கோலால்தான் வெட்ட வேண்டும். நீங்கள் போடுவது ஓரத்தை இழுத்தால் அவிழும். நான் வீட்டுக்கு வந்த அன்று தொட்டிக்கு மேலே ஆணியில் ஒரு சிவப்பு நூல் தொங்கிற்று. வெட்டியிருந்தது, எடுத்து முடித்து அவரே கட்டிய இரட்டை முடிச்சு அப்படியே இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

எட்டு மாத வேலை போயிற்று, கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் இல்லாவிட்டால் படம் இல்லை. நீங்கள் இல்லாவிட்டால் தொட்டிக்கு மட்டும்தான் ஆள் இல்லை. அப்படித்தான் அன்று எண்ணினேன், அக்கா. என் கையாலேயே எழுதிவிட்டேன், நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

நீங்கள் போன பிறகு நான் ஏழு பேரை வைத்துக் கழுவிப் பார்த்தேன். யார் கழுவினாலும் தாளின் ஓரத்தில் வண்ணம் மங்கலாகத் தங்கியே இருந்தது. உங்கள் தம்பி அதைத் தடவிப் பார்ப்பார், திருப்பி வைத்துவிடுவார்.

உங்களிடம் கேட்க எனக்கு முகம் இல்லை. இருந்தாலும் கேட்க வேறு ஆளும் இல்லை. ஏழாம் காட்சிக்கு முதலில் வரைந்த அந்த மழை எனக்கு நினைவே இல்லை. பென்சிலில் போட்டதையும் அழித்து அதே காகிதத்தில் அடுத்ததை வரைந்துவிட்டேன். இரண்டாவதாக வரைந்தது முதலாவதை மூடிவிட்டது. அது எப்படி இருந்தது?


ஜூலை 1

தம்பி மனைவிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்னோடு மனசுக்குள் சண்டை போட்டேன். நூலைப் பார்த்தேன் என்று எழுதியிருக்க வேண்டாம் நீ. எழுதாமல் இருந்தால் நான் எந்தக் காலத்திலும் அறிந்திருக்க மாட்டேன். அதை எழுதினாயே, அதற்காகத்தான் பேனாவை எடுத்தேன்.

எப்படி இருந்தது என்றா கேட்கிறாய்? நானூற்றுப் பன்னிரண்டுக்கும் வண்ணம் அடித்தவள் நான், கழுவியவளும் நான். ஒவ்வொன்றையும் தொட்டியில் விடுமுன் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை பிடித்துப் பார்ப்பேன். எனக்கு மறக்குமா?

முதல் நாற்பது தாளில் மழை மட்டும். எல்லாரும் மழை என்றால் கோடு இழுப்பார்கள். நீ ஒவ்வொரு துளியையும் மேலே மெலிசாக, கீழே கனமாகப் போட்டாய். நாற்பத்தொன்றில் இடது ஓரத்தில் குடை நுனி. தொண்ணூற்றாறில் ஆமை தண்ணீரில் காலை வைக்கும், மூன்று வட்டம் விரியும். காலை எடுக்கும்போது ஒரு சேற்றுத் துளி கூடவே வந்து, மனசு மாறினாற்போல் கீழே விழும். நூற்றைம்பதில் காற்று. குடை மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். ஆமை கோபப்படாது, நின்று அதைச் சரிசெய்யும், ஒரு விரலால், பெரிய மனுஷன் சட்டைப் பொத்தானைப் போடுகிற மாதிரி.

இருநூற்று மூன்றில் ஒரு நத்தை. ஆமை நிற்கும். நத்தைக்கும் முதுகில் வீடு இருக்கிறது, ஆமைக்கும் இருக்கிறது. இரண்டுக்கும் குடை வேண்டியதே இல்லை. ஆமை அதை யோசிக்கும். இருபது தாள் யோசிக்கும், கழுத்து மட்டும் மயிரிழை மயிரிழையாகத் திரும்பும். பிறகு குடையை நத்தை பக்கம் சாய்க்கும். சாய்த்ததும் அதன் கண்ணில் ஒரு துளி விழும். இருநூற்று அறுபத்தொன்றிலிருந்து அறுபத்துநாலு வரை கண்ணைச் சிமிட்டும். நாலே தாள். அந்த நாலையும் அரைமணி நேரம் கழுவாமல் வைத்திருந்தேன். அடுக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் புரட்டினால் சிமிட்டும். மறுபடி புரட்டினால் மறுபடி சிமிட்டும். ஈரக் கையோடு தனியாக நின்று சிரித்தேன். உயிர் இல்லாத தாளில் உயிரை வைக்கிறாளே இவள், இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று நினைத்தேன். பிறகு கழுவினேன்.

இரண்டாவதாக நீ வரைந்ததைத்தான் உலகம் பார்த்தது. ஆமை நடக்கவே நடக்காது, மேலேயிருந்து குடை மட்டும் தெரியும், சுற்றிலும் வட்டம் வட்டமாக மழை. அதைப் பத்திரிகைக்காரர்கள் கொண்டாடினார்கள். நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. பத்தொன்பது நாளில் வரைந்தாய். பிள்ளைக்குத் தொட்டில் கட்ட இடமில்லாமல் மேஜையின் கீழ் இழுப்பறையில் மெத்தை போட்டுப் படுக்க வைத்தாய். காலால் அந்த இழுப்பறையை உள்ளே வெளியே தள்ளித் தள்ளி அவளைத் தூங்கப் பண்ணிக்கொண்டே மேலே கோடு போட்டாய். கால் ஆடும், கை ஆடாது. சமையலறை வாசலில் நின்று பார்ப்பேன். உன்மேல் அவ்வளவு ஆத்திரம் எனக்கு, ஆனாலும் கண்ணை எடுக்க முடியாது.

விளம்பரப் படம் கேட்டுச் சோப்புக் கம்பெனி ஆள் ஒருவர் வந்து தம்பியிடம் “எல்லாம் சார் வரைஞ்சதா?” என்றார். “நான் சுவிட்ச் தட்டுறவன் சார். வரையறது இவங்க. இப்படி வரையற பொம்பளை வேற கிடையாது, ஆம்பளையும் கிடையாது,” என்றான். எத்தனை பெருமை அவனுக்கு. அந்தப் பெருமைதான் அவன் வாயை அடைத்தது என்று இப்போது தோன்றுகிறது. நீ கொடுத்த பொன்னைக் கிணற்றில் போட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வான்?


ஜூலை 9

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு இருநூற்று அறுபத்தொன்றிலிருந்து வரைந்தேன். கை நடுங்குகிறது. ஒரு நாளில் ஒரு தாள்தான் முடிந்தது. இத்தோடு நாலும் இருக்கின்றன. அடுக்கிப் பிடித்துப் புரட்டுங்கள். கோடு கொஞ்சம் ஆடும், கண் சிமிட்டும்.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி திரையிடுகிறார்கள். முதன்முதலில் கார்ட்டூன் வரைந்த பெண் என்று என்னை மேடையேற்றிப் பேசச் சொல்கிறார்கள். அவருடைய புகைப்படத்தைப் பெரிதாக்கி மேடைக்குப் பின்னால் வைக்கப்போகிறார்கள். அதன் முன்னால் நின்று நான் ஏழாம் காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். கேமரா, நூல், அவர் சொன்னது, நான் பார்த்தது, எல்லாம். உங்கள் பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்தவள் நான் என்பதையும். ஆனால் அவர் உங்கள் தம்பி. முப்பத்தொரு வருஷம் அவருக்காக வாயை மூடியிருந்தீர்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஒன்றுதான் எனக்குப் புரியவில்லை. அந்தத் துண்டை அவர் தூக்கி எறிந்திருக்கலாம். எறியாமல் அதே படத்தின் டப்பாவில் வைத்திருக்கிறார்.

நேற்று ஆர்மோனியக்காரர் வந்தார். எண்பத்துநாலு வயது, கைத்தடி, அதே சிரிப்பு. அவருக்கும் மேடையில் நாற்காலி உண்டு. நேராகக் கேட்டேன். “அன்னைக்கு நீங்க அங்கதான இருந்தீங்க? எடுத்தது உங்களுக்குத் தெரியும்ல?”

“ரெண்டு நாளும் இருந்தேனேம்மா. சத்தம் சரியில்லன்னு நானே சொன்னேன்.”

“அப்ப அக்காமேல பழி விழுந்தப்ப ஒரு வார்த்தை ஏன் சொல்லல?”

“அது உங்க குடும்பத்துக்குள்ள. நமக்கெதுக்கு வம்புன்னு இருந்துட்டேன்,” என்று சிரித்தார். பிறகு, “அக்கா போடுற டீ மாதிரி அப்புறம் எங்கயும் குடிக்கல. வர்றாங்களா?” என்று கேட்டார்.

வருகிறீர்களா?


ஜூலை 14

பென்சிலுக்கு,

தம்பி உன்னை அப்படித்தான் கூப்பிடுவான். அவன் இல்லை, அதனால் நான் கூப்பிடுகிறேன்.

நாலு தாளும் வந்தன. புரட்டினேன். பேத்தி கேட்டாள், பாட்டி ஏன் தனியாகச் சிரிக்கிறாய் என்று. கோடு ஆடினால் ஆடட்டும். ஆமைக்கும் வயசாகாதா? அதைக் கழுவச் சொல்லி இனி யார் சிவப்பு நூல் கட்டினாலும் நான் கழுவ மாட்டேன்.

நீ மேடையில் சொல். ஒன்றும் விடாமல் சொல். தம்பியின் புகைப்படம் பின்னால் இருந்தால் இருக்கட்டும், அவனும் கேட்கட்டும். ஆனால் அவனைக் கேமரா பார்க்கத் தெரியாதவன் என்று சொல்லாதே. துளை கிழிந்தால் யார்தான் என்ன செய்வது? பயந்துவிட்டான் என்று சொல். சின்ன வயதில் வாத்தியார் வந்தால், நாய் வந்தால், இடி இடித்தால் என் பாவாடைக்குப் பின்னால் வந்து நிற்பான். அன்றும் அப்படித்தான் வந்து நின்றான், அவ்வளவுதான். மறைந்து நிற்க இடம் கொடுத்தே வளர்த்தவள் நான், அதற்கு அவனை என்ன சொல்வது? அந்தத் துண்டை ஏன் வைத்திருந்தான் என்கிறாய். சொல்லத்தான் வைத்திருப்பான். நாளைக்கு, நாளைக்கு என்று வைத்திருப்பான். நானும் அப்படித்தானே இருந்தேன். அவனை எப்போதோ மன்னித்தாயிற்று.

நீ நூலைப் பார்த்தும் முகத்தைத் திருப்பினாய். அது பெரிய தப்பு, சின்னது என்று பூசி மெழுக மாட்டேன். ஆனால் உனக்குப் போனது எட்டு மாதம். கையில் பச்சைப் பிள்ளை. எதிரே நின்றவன் உன் புருஷன், உன் பாதித் தொழில். எந்தப் பக்கம் திரும்பினாலும் உனக்கு ஏதோ ஒன்று இடிந்து விழும். இடிய வேண்டியது நான் என்று முடிவு கட்டினாய். கடைசியில் கேட்காமலே நீயாக எழுதி ஒத்துக்கொண்டாய். அந்த வயசில் அப்படி வரைந்தவள், இந்த வயசில் இப்படி எழுதுகிறாள். உன்னையும் மன்னித்தேன். பெயரை மறுபடி தலைப்பில் போடுவதானால், கழுவியதையும் போடு. வண்ணம் அடிக்க நாலு பேர் கிடைப்பார்கள்.

ஒன்றாம் தேதி மகள் என்னை ரயிலில் ஏற்றிவிடுவாள். ஸ்டேஷனுக்கு நீயே வா, யாரையும் அனுப்பாதே. எனக்கு முன்வரிசை வேண்டும், காது கேட்காவிட்டாலும் உன் வாயைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். மேடைக்குக் கூப்பிட்டால் ஏறுவேன். ஆனால் அங்கே இருக்கிற நாற்காலிகளில் ஒன்றுக்கு நான் முதுகைக் காட்டித்தான் நிற்பேன், இப்போதே சொல்லிவிட்டேன், அப்புறம் மரியாதை இல்லாதவள் என்று பேசக் கூடாது.

தம்பிக்குப் பயம். உனக்கு நஷ்டம். எனக்குப் பாசம். மூன்று பேருக்கும் வாயை மூட ஆளுக்கு ஒரு காரணம் இருந்தது. அந்த மனுஷனுக்கு என்ன இருந்தது? புருஷனும் இல்லை, தம்பியும் இல்லை, போகிற பொருளும் இல்லை. சத்தம் சரியில்லை என்று முதலில் என்னோடு சேர்ந்து சொன்ன வாய் அது. “அக்கா சொல்றது சரிதான்” என்று அதே மூன்று வார்த்தையை உன் எதிரில் இன்னொரு தடவை சொல்லியிருந்தால் போதும், எனக்கு முப்பத்தொரு வருஷம் மிச்சம். சொல்லாமல், நான் சமையலறையில் கிடந்த அந்த மூன்று மாதமும் தினம் இரண்டு வேளை வந்து, என் கையால் டீ வாங்கிக் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். இப்போதும் சிரிக்கிறார் என்கிறாய். வம்பு எதற்கு என்கிறாராம். வயதாகிவிட்டது, பாவம், விட்டுவிடுங்கள் என்று ஸ்டேஷனில் ஆரம்பிக்காதே. எல்லாரையும் மன்னித்தேன், அந்த ஆர்மோனியக்காரரை மாட்டேன்.

உன் அக்கா